பழைய மோட்டாரின் உறுமல்

மூங்கில்துறைப்பட்டு பக்கம் ஒரு பட்டறையில், கணினி கட்டளையில் இரும்பைக் கடையும் பழைய சிஎன்சி லேத்துக்குப் புது மோட்டார்களும் அவற்றை இயக்கும் டிரைவும் மாற்றப் போயிருந்தேன். அதை ஓட்டுகிறவர் ஒல்லியான மனிதர். புருவமெல்லாம் இரும்புத் தூள். மிஷின் ஓடும்போது அதைப் பார்க்கவே மாட்டார். முதுகைக் காட்டி நின்று காதால்தான் கவனிப்பார்.

பழைய மோட்டார்கள் நகரும் முன்பே உறுமும். புதியவற்றில் சத்தமே வராது என்று பெருமையாகச் சொன்னேன்.

"சத்தம் இல்லேன்னா, அது கை மேல வர்றது எப்டிங்க தெரியும்?" என்றார்.

ஆனால் புது மோட்டார்களை மாட்டி ஓட்டிய முதல் ஓட்டத்திலேயே அதே உறுமல் கேட்டது. கழற்றிய மோட்டார்கள் தரையில்தான் கிடந்தன. பிறகுதான் அவருடைய தொண்டை அதிர்வதைக் கவனித்தேன்.

"அண்ணே, நீங்களா சத்தம் குடுக்குறீங்க?"

"நான் இன்னாத்துக்குங்க சத்தம் போடப்போறேன்? மிஷின்தான் ஓடிக்கினு இருக்குதே."

அவர் விளையாடவில்லை.

சாயங்காலம் மிஷின் நின்றிருந்தது. அவர் குழாயடியில் எனக்கு முதுகைக் காட்டிக் கை கழுவிக்கொண்டிருந்தார். சோதித்துப் பார்க்க நினைத்து, ஓசைப்படாமல் ஸ்டார்ட் பட்டனை நோக்கி விரலை நீட்டினேன். தொடுவதற்குள் குழாயடியிலிருந்து உறுமல் எழுந்தது. விரலை இழுத்துக்கொண்டேன். உறுமல் மெல்ல இறங்கி அடங்கியது.

திரும்பாமலேயே கேட்டார்: "இன்னாங்க, நிறுத்திட்டீங்க?"