ஒன்பது மவுத்பீஸ்

போன சீசனில் சந்திரசேகர் கடித்து வீணாக்கிய மவுத்பீஸ்கள் ஒன்பது. ஸ்கூபா கைடு ஒருவனுக்கு வருடத்துக்கு ஒன்று போதும். சிலிண்டரிலிருந்து காற்று வரும் குழாயின் முனையில், வாய்க்குள் இருக்கும் ரப்பர் துண்டு அது. கடைவாய்ப் பற்கள் லேசாகக் கவ்விக்கொள்ள இரண்டு பக்கமும் சின்னப் பட்டை இருக்கும். அந்தப் பட்டைகளை அறுத்துத் துப்பிவிட்டு, தான் வேலை பார்க்கும் ஸ்கூபா கடையின் ஸ்டோரில் சந்திரசேகர் அடுத்ததைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தான்.

வயது முப்பத்தாறு. வீடு தீவு நகரத்தின் ஓரம், புரோத்ராபூரில். இலங்கைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவின் ரப்பர் காட்டுக்கு வந்து சேர்ந்த குடும்பம். அதில் கடலுக்குள் இறங்கிப் பிழைத்தவன் இவன் ஒருவன்தான். நார்த் பே கடலில் நாளுக்கு ஏழெட்டு முறை இறங்குவான். வருகிற சுற்றுலாக்காரர்களில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது. முதுகில் இருக்கும் சிலிண்டரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு, பவளத்தையும் மீனையும் காட்டி, போட்டோ எடுக்க வைத்து, மேலே கொண்டுவந்து விட வேண்டும். அடுத்த ஆள் உடுப்பு மாட்டித் தயாராக நிற்பார்.

மார்ச்சில் வலது காது வலிக்கத் தொடங்கியது. குத்தல் இல்லை, மந்தமான வலி. கொட்டாவி விட்டால் காதோரம் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அவன் கடையில் யாரிடமும் சொல்லவில்லை. கைடுக்குக் காது போனால் தொழிலும் போயிற்று. அப்படிக் காது போன ஒருவர் இப்போது அபர்டீன் பஜாரில் ஆட்டோ ஓட்டுகிறார்.

யாருக்கும் தெரியாமல் போய்க் காட்டியபோது, காது டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். ஜவ்வு சுத்தமாக இருக்கிறது, சீழ் இல்லை, ஒன்றும் இல்லை என்றார். டாக்டர் எதையோ கவனிக்கத் தவறிவிட்டார் என்று சந்திரசேகர் முடிவுகட்டினான்.

பிறகு மழைக்காலம் வந்தது. படகுகள் நின்றன. வாரக்கணக்கில் தண்ணீரில் இறங்கவே இல்லை. வலி குறையவில்லை, காலையில் எழும்போது இன்னும் அதிகமாக இருந்தது. ஓய்வு கொடுத்தும் ஆறாத காது செத்த காது என்று அவன் கணக்குப் போட்டான். தண்ணீரே படாமல் வலிக்கிறதே, அப்படியென்றால் காரணம் தண்ணீர் இல்லையோ என்று யோசிக்கவில்லை. முக்குளிக்கிறவனுக்குக் காதோரம் எது வலித்தாலும் அது காதுதான், அதுவும் தண்ணீரால்தான்.

வருத்தம்கூட வரவில்லை. பஸ்ஸைத் தவறவிட்டவன் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி இருந்தான். ஆட்டோ பேட்ஜ் வாங்க என்னென்ன வேண்டும் என்று ஒரு நாள் விசாரித்துவிட்டு வந்தான்.

செப்டம்பரில் ஒரு காலை, இட்லி சாப்பிடும்போது கடைவாய்ப் பல்லின் ஓரம் பெயர்ந்து கைக்கு வந்தது. மனைவி பானு அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இட்லியைக் கடிச்சு பல்லு ஒடஞ்ச ஆள இப்பதான் பாக்குறேன். நான் கல்லா போட்டு அவிச்சேன்?"

"பழைய பல்லு."

"பல்லு என்னா செய்யும். ராத்திரி பூரா நறநறன்னு அரைக்கிறீங்க. மாவைக் குடுத்தா ஆட்டிக் குடுத்துருவீங்க, கிரைண்டரே வேணாம்."

அபர்டீன் பஜாரில் ஒரு மாடியில் பல் டாக்டர் உமா மகேஸ்வரியின் கிளினிக். உடைந்த பல்லை அவர் அதிக நேரம் பார்க்கவில்லை. மற்ற பற்கள் தட்டையாகத் தேய்ந்திருப்பதைப் பார்த்தார். பிறகு தாடையின் மூலையில், சதை திரண்ட இடத்தில், விரலை வைத்து அழுத்தினார்.

"எங்க வலிக்குது?"

"காதுல."

"நான் காதைத் தொடவே இல்லையே."

விரலை நகர்த்தி மறுபடி அழுத்தினார். மறுபடியும் காதுக்குள்தான் வலித்தது. தாடை மூட்டு காதுத் துவாரத்துக்கு நேர் முன்னால் இருக்கிறது, பல்லை நாள் முழுக்க இறுக்கினால் அந்தச் சதை ஓய்வில்லாமல் வேலை செய்து கட்டிப்போகிறது, அந்த வலியைக் காது வலி என்றே நாம் எடுத்துக்கொள்கிறோம் என்று விளக்கினார். தூக்கத்திலும் அரைத்தால் காலையில் வலி கூடத்தான் செய்யும். என்ன வேலை என்று கேட்டார். பையில் கிடந்த ஒன்பதாவது மவுத்பீஸை அவன் எடுத்து நீட்டினான்.

"எல்லா கைடும் இப்படியா கடிக்கிறாங்க?"

"இல்லீங்க."

"முன்னாடி நீங்க கடிச்சீங்களா?"

"இல்லீங்க. போன சீசன்லதான்."

"அப்ப என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல."

டாக்டர் மவுத்பீஸில் பல் அறுத்த இடத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அவன் சொன்னான். பிப்ரவரியில் ஒரு ஆள், தீவைச் சுற்றிப்பார்க்க வந்த மெயின்லேண்ட்காரர். ஆறு மீட்டர் ஆழத்தில் பயந்து மவுத்பீஸைத் துப்பிவிட்டார். இவன் திரும்ப வாயில் வைத்து, வெளியே வராமல் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து, மெதுவாக மேலே கொண்டுவந்தான். அவர் இவனை அடித்துக்கொண்டே வந்தார். படகில் வாந்தி எடுத்தார், இளநீர் குடித்தார், சம்சாரத்தோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார். "நெட்ல எங்க கடைக்கு ஃபைவ் ஸ்டார் போட்டிருந்தாரு. பத்து நிமிஷத்துல நான் அடுத்த ஆளோட எறங்கிட்டேன். அவ்வளவுதான் டாக்டர்."

மார்க்கெட் நிலவரம் வாசிக்கிற குரலில் சொல்லி முடித்தான்.

"இப்ப உங்க பல்லு எப்படி இருக்கு?" என்று கேட்டார் டாக்டர்.

மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு நின்றன. கன்னத்தில் கை வைத்தான். கல் மாதிரி இருந்தது. எப்போது இறுக்கினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

கடலுக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை. வெந்நீர் ஒத்தடம், கொஞ்ச நாள் மெத்தென்ற சாப்பாடு, தூங்கும்போது பல்லுக்கு ஒரு உறை, மிருதுவான ரப்பரில் மவுத்பீஸ். உதடு மூடியிருக்கலாம், பற்கள் தொடக் கூடாது. வேலையில் பாரம் குறைய வேண்டும். "இதையெல்லாம் செஞ்சும் அந்த ஆள் மனசுல வந்துட்டே இருந்தா, அதுக்கும் டாக்டர் இருக்காங்க. போங்க."

புரோத்ராபூர் பஸ்ஸில் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் சோதித்துப் பார்த்தான். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பற்கள் ஒட்டித்தான் இருந்தன. பிரித்து வைத்தான். அடுத்த ஸ்டாப்புக்குள் மறுபடி சேர்ந்துகொண்டன.

மறுநாள் கடை முதலாளி செந்தமிழனைப் போய்ப் பார்த்தான்.

"அண்ணா, காது நல்லா இருக்கு. பல்லுதான் பிரச்சன."

"காதுக்கு என்னடா? பல்லுன்னு எனக்குத் தெரியாதா? ஒம்போது மவுத்பீஸும் உன் மாமனாரா வாங்கிக் குடுத்தாரு? மவுத்பீஸ் டப்பா மேல 'சுறாவுக்குத் தீனி'ன்னு ஸ்டோர் பசங்க எழுதியே ஒட்டிட்டானுங்க."

இவன் சிரிக்கவில்லை. "இந்த சீசன் நாளைக்கு நாலு தடவதான் எறங்குவேன்."

"சீசன்லயா?"

"சீசன்லதான்."

செந்தமிழன் போனைப் பார்த்தார், படகுத்துறையைப் பார்த்தார். "டீக் ஹை, சரி. நாலு. தீபாவளி வாரம் மட்டும் ஒரு ஆறு—"

"நாலுதான் அண்ணா."

வியாழக்கிழமை பல் உறை கைக்கு வரும். அதற்கடுத்த திங்கட்கிழமை காலை நார்த் பே போகும் முதல் படகு கிளம்புகிறது. அன்றைக்குச் சந்திரசேகருக்கு நான்கு பேர்தான்.