கடவுச்சொல் இல்லாத கொம்பியூட்டர்

திரையின் நடுவில் ஒரு சிறிய வெள்ளைக் கட்டம் கடவுச்சொல்லுக்காகக் காத்திருக்கிறது. அதன் முன்னால் எங்கள் ஸ்டூடியோ முதலாளி தட்டித் தட்டி அழிக்கிறார். முதுகுக்குப் பின்னால் துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள். பெரிய சொல் ஒன்றுமில்லை, அவருடைய மகளின் செல்லப் பெயர்தான். அன்றைக்கு அது அவருக்கு வரவில்லை. பிழை, பிழை என்று திரை சொல்லிக்கொண்டே இருந்தது. "என்ன ஒளிச்சு வைச்சது?" என்று ஒருவன் அரைகுறைத் தமிழில் கேட்டான். நான் இடையில் புகுந்து அந்தப் பெயரைத் தட்டித் திறந்துவிட்டேன். உள்ளே இருந்தவை கலியாணவீட்டுப் படங்களும் அடையாள அட்டைக்கு எடுத்த முகங்களும்தான்.

அந்தப் பூட்டைப் போட்டவன் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள். கொம்பியூட்டர் படித்த கையோடு, துறைமுகத்துக்குப் போகும் தெருவில் இருந்த அந்த ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வகுப்பில் சொல்லித்தந்த பாதுகாப்பு எல்லாம் எங்கும் செல்லும் என்று நம்பிய காலம். வந்தவர்கள் போன பிறகு முதலாளி முகம் கழுவிக்கொண்டு வந்தார். "தம்பி, முதல்ல அந்தப் பூட்டைக் கழட்டும். திறந்து கிடந்தா பாத்திட்டுப் போவாங்கள். பூட்டிக் கிடந்தா என்னையெல்லோ கொண்டுபோவாங்கள்!"

கழற்றினேன். ஆனாலும் நான் விடவில்லை. படங்களைச் சீடியில் ஒரு பிரதி எடுத்து அன்புவழிபுரத்தில் இருந்த அவருடைய வீட்டில் வைக்கச் சொன்னேன். அவர் சிரித்தார். "ஓம், வழியில மறிச்சுச் சோதிக்கிற சென்றி எத்தனை? ஒவ்வொண்டிலயும் நிண்டு, 'ஐயா, இது சாமத்தியச் சடங்குப் படம்' எண்டு போட்டுக் காட்டட்டோ?"

இன்று சின்னக் கடைக்காரர்களுக்கு ஆலோசனை சொல்வதே என் தொழில். கடவுச்சொல் வையுங்கள், பிரதியை வேறிடத்தில் வையுங்கள் என்கிறேன். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். பிரதியைக் கொண்டுபோகிற வழி நம்முடையதாக இருந்தால்தான் அந்த ஆலோசனைக்கு உயிர் என்பதை யாரிடமும் சொல்வதில்லை. சொன்னாலும் அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

பிறகொரு நாள் இராணுவம் தெருவைச் சுற்றிவளைத்துத் தேடியபோது கொம்பியூட்டரையே கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபோது அதன் ஒரு மூலை நசுங்கியிருந்தது. மின்சாரம் கொடுத்தால் 'டக், டக்' என்ற சத்தம் மட்டுமே வந்தது. படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. டிஜிட்டல் கமரா வாங்கிய பிறகு நெகட்டிவ் என்று எதுவும் எங்களிடம் இல்லை.

அந்தக் கிழமைதான் ஈச்சிலம்பற்றிலிருந்து இடம்பெயர்ந்த ஓர் அம்மா வந்தார். மகனைக் காணவில்லை. முறைப்பாடு கொடுக்கப் போன இடத்தில் அவனுடைய படம் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் இருந்த படங்கள் வீட்டோடு போய்விட்டன. அடையாள அட்டைக்கு அவன் இங்கேதான் படம் எடுத்தவன் என்றார். முதலாளிக்கு நினைவிருந்தது. "சிரிக்காதையும் எண்டு சொல்லச் சொல்லச் சிரிச்ச பெடியனெல்லோ!"

நான் கொம்பியூட்டரைப் போட்டுக் காட்டினேன். அம்மா குனிந்து காதை வைத்துக் கேட்டார். "உள்ளுக்குத் தட்டிற சத்தம் கேக்குதே தம்பி. அப்ப இருக்கிறான்தானே?"

"எடுக்க ஏலாதம்மா" என்றேன்.

அம்மா அங்கிருந்து போகவில்லை. முதலாளி அவருடைய முகத்தை உற்றுப் பார்த்தார்.

"மகன் உங்கட சாயலோ அம்மா?"

"ஓம், நெத்தியும் கண்ணும் என்ர. மூக்கு மட்டும் தேப்பன்ர."

அவர் பழைய ஃபிலிம் கமராவைத் துடைத்து எடுத்தார். விளக்கைப் போட்டு, அம்மாவைக் கதிரையில் இருத்தினார். ஏன் என்று எனக்கு முதலில் புரியவில்லை. வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். அம்மா கையால் தலையை வாரி, சேலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார். பிறகு கமராவைப் பார்த்தபடியே கேட்டார்:

"என்ர படத்தைக் குடுத்தா ஏற்றுக்கொள்ளுவினமோ?"

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் கமராவுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டார்.

"நாடியைக் கொஞ்சம் உயத்துங்கோ அம்மா" என்றார்.