நிலாக்களை வரைந்த மச்சினி

பட்டறையில் அவளைக் கோந்து என்றுதான் கூப்பிடுவார்கள். உட்கார்ந்தால் வேலை முடியாமல் எழமாட்டாள். பெயர்ப்பலகைக்கு எழுத்து வெட்டுவது இப்போதைய பிழைப்பு. வெகுகாலம் முன்பு, டயர் கடை மாடியில் இரண்டு அறை பிடித்து, அக்கா புருஷன் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரித்தார். சிடி வந்த புதிது. வழிதவறிய விண்கலம் ஒன்று ஆளற்ற நிலாக்களில் இறங்கி, காணாமல்போனவர்களைத் தேடும் கதை. கதையை யோசித்தவள் இவள். பாழடைந்த கூடம் முதல் கதவின் துரு வரை, மவுஸைப் பிடித்துப் புள்ளி புள்ளியாக வரைந்தவளும் இவளே. மணிக்கட்டு வீங்கிப்போனது.

அச்சாகி வந்த அட்டையில் ‘கதை, ஓவியம்’ என்பதற்கு எதிரே அத்தான் பெயர் இருந்தது.

“வீட்டுக்குள்ள என்னடி உன் பேரு, என் பேரு?” என்றாள் அக்கா.

விளையாட்டை ஒருத்தரும் சீந்தவில்லை. கடைக்குப் போன பெட்டிகள் பிரிக்காமலே திரும்பின. அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. மூலப்படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க்கைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வெளியேறினாள். வேறு நகல் கிடையாது. அன்றைக்கு யாரும் தேடவுமில்லை.

தலை நரைத்த பிறகு, பழைய விளையாட்டுகளைத் தோண்டியெடுக்கும் கூட்டமொன்று அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. அத்தான் பேட்டி மேல் பேட்டி கொடுத்தார். “அந்தத் தனிமையை அனுபவிச்சு வரைஞ்சேன்” என்று அவர் சொன்னதை அவள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். ஒரு கம்பெனி அதை மறுபடி வெளியிட முன்வந்தது. சிடியில் இருந்தவை சுருக்கிய படங்கள். மூலம் வேண்டும் என்றார்கள்.

அக்கா அதைக் கேட்டு போன் செய்தாள். இருவரையும் பட்டறைக்கு வரச்சொல்லிவிட்டு, டிஸ்க்கையும் கையோடு கொண்டுபோனாள் இவள்.

“நல்லா இருக்கியாம்மா?” என்றார் அத்தான்.

“விஷயத்துக்கு வாங்க. என் பேரு வருமா?”

அவர் தலையைச் சொறிந்தார். “இத்தனை பேட்டி குடுத்தாச்சு. இப்ப மாத்துனா என் மூஞ்சிய எங்க வச்சுக்கறது? ‘உதவி’ன்னு போட்டுடறேன்.”

அவள் டிஸ்க்கை எடுத்தாள். அத்தான் கையை நீட்டினார். டிஸ்க்கை மேஜையில் பொருத்தியிருந்த இரும்பு இடுக்கியில் வைத்து இறுக்கிவிட்டு, ட்ரில் மெஷினைத் தூக்கினாள்.

“அடியே, உன் உழைப்புடி அது!” அக்கா அலறினாள்.

“இப்பதான் ஞாபகம் வந்துச்சா?”

ஒரு துளை. பக்கத்திலேயே இன்னொன்று. வெள்ளித் தூள் அத்தான் சட்டையெல்லாம் படிந்தது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

கம்பெனி கைவிரித்தது. அக்கா இன்றுவரை பேசுவதில்லை.

“வருத்தமா இல்லையா?” என்று பட்டறை முதலாளி கேட்டார்.

“உறைஞ்ச கடல் ஒண்ணு வரைஞ்சிருந்தேன். அதுக்காகக் கொஞ்சம்.”

“உங்க அத்தானுக்காக?”

“இன்னொரு டிஸ்க் இருந்திருந்தா, அவர் கண்ணு முன்னாலயே அதையும் ஓட்டை போட்டிருப்பேன்” என்று சொல்லிவிட்டு, அடுத்த பலகையை இழுத்து வைத்தாள்.