பல்லுக்காரரின் ஞானஸ்நானம்

பாட்டு தொடங்கியதும் கோயிலில் எல்லோரும் பீடத்தைப் பார்ப்பார்கள். பல்லுக்காரர் வாய்களைப் பார்ப்பார். பாடகர் குழுவின் தலைவர் மேல் சுருதிக்குப் போனால் அவருடைய மேல் பல் செட் ஒரு நூல் கீழே இறங்கும். உடனே இவர் நெற்றி சுருங்கும். பூசை முடிந்ததும் வாசலில் நின்று ஒவ்வொருவராக வழிமறிப்பார். "சாமி கும்பிட்டது இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை கடைப்பக்கம் வாங்க. இப்படியே விட்டா ஈறு புண்ணாயிடும்." பூசையில் கிடைத்த சமாதானத்தை யாரும் முழுசாக வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை.

பல் கட்டுவது அவர் தொழில். வயது ஐம்பத்தெட்டு. அவர் பெயர் பலருக்குத் தெரியாது; பல்லுக்காரர் என்றால் தெரியும். செருப்புக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்க வேண்டிய ஓர் அறை. கண்ணாடி அலமாரி நிறைய வெள்ளை மாவு அச்சுத் தாடைகள், யாரையும் கேட்காமல் சிரித்துக்கொண்டிருக்கும். என் முன்பற்கள் மூன்று அவர் கட்டியவை. ஆகவே இங்கே நான் அவரைக் கடிப்பதெல்லாம் அவர் கொடுத்த பல்லால்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன்வரை அவருக்குக் கடவுள் கிடையாது. அதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. அளவெடுக்க வாயில் மெழுகைத் திணித்து நம்மைப் பேச முடியாமல் செய்துவிட்டுத்தான் விவாதத்தைத் தொடங்குவார். "முப்பது வருஷமா வாயைத் திறந்து பாக்கறேன். உள்ளே ஆத்மான்னு ஒண்ணும் தட்டுப்படல." நான் பிறவிக் கத்தோலிக்கன் என்பதால் எனக்குத் தனிக் கவனிப்பு. "உங்க ஆளுங்க உக்காருவாங்க, எந்திரிப்பாங்க, முட்டி போடுவாங்க. அதுக்குப் பேசாம பார்க்ல நாலு சுத்து நடக்கலாமே?" நான் 'ம்ம்' என்பேன். வேறென்ன சொல்ல முடியும், வாய் முழுக்க மெழுகு.

பிறகு அவர் மனைவியை இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டன.

அந்த அம்மா இருபத்தாறு வருடம் ரயில்வே டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தவர். எதிரே நிற்பவனின் மூன்றாவது சொல்லிலேயே அவன் போக வேண்டிய ஊரைக் கண்டுபிடித்து, நான்காவது சொல்லைச் சொல்ல விடாமல் "அடுத்து!" என்று அனுப்பிவிடுபவர். அவரை வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம், ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு இணைத்தார்கள். பல்லுக்காரர் வெளியே காத்திருந்தார். காத்திருப்போர் அறையில் தொலைக்காட்சி அலறிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரித் தாழ்வாரக் கோடியில் சிறிய ஜெப அறை ஒன்று இருந்தது.

முதலில் அங்கே போனது மின்விசிறிக்காக. இதை அவரே பெருமையாகச் சொல்வார். "ஃபேன் நல்லா ஓடுச்சு. யாரும் வந்து 'எப்படி இருக்காங்க'ன்னு கேக்கல. சிலுவைல இருந்தவரும் கேக்கல. அது எனக்குப் புடிச்சுது."

ஒரு நாள் இயந்திரத்தில் இருக்கும்போதே அந்த அம்மாவுக்கு ரத்த அழுத்தம் விழுந்துவிட்டது. நர்சுகள் ஓடினார்கள், இவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். இவர் நேராக ஜெப அறைக்குப் போனார். "வேண்டிக்கிட்டீங்களா?" என்று பிற்பாடு கேட்டேன். "வேண்டிக்கவா? திட்டினேன். இருபது நிமிஷம். வாயில வராத வார்த்தையெல்லாம் வந்துது. திட்டி முடிச்சு மூச்சு வாங்கும்போதுதான் தோணிச்சு, ஆளே இல்லாத இடத்துல ஒருத்தன் இப்படியா திட்டுவான்?"

அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். அடுத்த வாரம் இவர் பங்குச் சாமியாரின் அறைக்கதவைத் தட்டினார். சாமியார் சாது. பல் சம்பந்தமாகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து வாயைத் திறந்தே காட்டிவிட்டாராம்.

சனிக்கிழமை பிற்பகல்களில் ஞானஸ்நான வகுப்பு. நடத்துபவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை; இன்றும் அவர் வருவதைக் கண்டால் எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள் சட்டைப் பொத்தானைச் சரிபார்ப்பார்கள். மாணவர் இவர் ஒருவரே. ஒரே கடவுள் மூன்று ஆட்களாக இருப்பதை டீச்சர் ஒரு மணி நேரம் விளக்கினார். இவர் கையை உயர்த்தினார். "புரிஞ்சிடுச்சு டீச்சர். மேல் செட், கீழ் செட், நடுவுல ஈறு. மூணும் சேந்தாத்தான் வாய்."

"தப்பு. இந்த மாதிரி சொன்னவங்களை ஆயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னாடியே சபையை விட்டு அனுப்பியாச்சு."

"ஓ, நமக்கு முன்னாடியே ஒரு பல்லுக்காரன் இருந்திருக்கானா?"

பல்வலிக்கென்றே ஒரு புனிதை உண்டு என்று டீச்சர் சொன்ன நாளில் அவர் முகம் வாடிவிட்டது. அந்தப் புனிதையை வேண்டிக்கொண்டால் வலி போய்விடும் என்றால் தன் தொழில் என்னாவது என்று கேட்டார்.

புதிதாக வருபவர்களுக்கே உரிய வியாதி அவருக்கும் வந்தது. தாடை அச்சுகளுக்கு நடுவே ஒரு சிலுவை முளைத்தது. பல்லுக்கு மெருகேற்றும் இயந்திரத்தின் கைப்பிடியில் ஜெபமாலை தொங்கியது. இடது கையால் சிலுவை போட்ட ஒரு குழந்தையைக் கூட்டத்தில் பிடித்துத் திருத்தினார். என்னையும் விடவில்லை. "இன்னிக்கு முதல் வாசகம் என்னன்னு சொல்லுங்க பாக்கலாம்." எனக்குத் தெரியவில்லை. பூசை முடிந்து பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. "பொறந்ததுலேருந்து உள்ளேயே இருக்கீங்க. ஸ்வீட் கடைல வேலை பாக்கறவன் மாதிரி ஆயிட்டீங்க. ருசி விட்டுப்போச்சு" என்றார்.

சரி, அவரை இவ்வளவு சொன்ன பிறகு எங்களையும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அந்த அம்மாவின் நோய் பற்றித் தெரிந்ததும் எங்கள் ஜெபக் குழு அவர் வீட்டுக்குப் படையெடுத்தது. பதினோரு பேர். இரண்டே அறைகள் கொண்ட வீட்டில் கட்டில், நாற்காலி, துணிப்பெட்டி என்று கிடைத்ததில் எல்லாம் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் உரக்க ஜெபித்தோம். இரண்டு பாக்கெட் பிஸ்கட்டைத் தீர்த்தோம். டீக் கோப்பைகளைக் கழுவ யாருக்கும் தோன்றவில்லை. பாடகர் குழுவின் தலைவர் நோயாளியின் தலைமாட்டில் நின்று, "கடவுள் சோதிக்கிறார்னா உங்களை ரொம்ப நேசிக்கிறார்னு அர்த்தம்" என்று ஆறுதல் சொன்னார்.

பல்லுக்காரர் அவரை நிதானமாகப் பார்த்தார். "அப்படீங்களா? அடுத்த தடவை அளவு எடுக்க வாங்க. நானும் உங்களைக் கொஞ்சம் நேசிக்கிறேன்."

அந்த அம்மா கண்ணை மூடித் தூங்குவதுபோல் நடித்தார். நாங்கள் படியிறங்கியதும் சொன்னாராம்: "காலைல மெஷின்கிட்ட நாலு மணி நேரம். சாயங்காலம் இவங்ககிட்ட ஒண்ணரை மணி நேரம். மெஷினே தேவலைங்க."

கிளம்பும்போது பதினோரு பேரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருந்தோம்: "ஜெபத்துல நினைச்சுக்கறோம்." எங்கள் வழக்கில் அதற்கு 'போய் வருகிறேன்' என்று பொருள். புதியவருக்கு அது தெரியாது. அப்படியே நம்பிவிட்டார். அடுத்த ஞாயிறு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு கோயில் வாசலில் நின்று, எங்கள் குழுவில் ஒருவரை முதலில் பிடித்தார்.

"ஜெபத்துல நினைக்கறீங்கல்ல? எத்தனை மணிக்கு?"

"அது... காலைல."

"காலைலன்னா? ஏழா, எட்டா?"

"எட்டுன்னு வச்சுக்குங்களேன்."

"ரொம்ப வசதி. புதன்கிழமை எட்டு மணிக்குத்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். ரெண்டு பஸ் மாறி வர்றதுக்குள்ள வாந்தி எடுத்துடறா. உங்க ஜெபத்தைக் கார்லயே சொல்லிக்கலாம். வந்துடுங்க."

எழுதிக்கொண்டார். கையெழுத்தும் கேட்டார்.

இரண்டே வாரத்தில் கோயிலில் பாதிக் கூட்டம் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறத் தொடங்கியது. அந்தக் கதவின் மீது அவ்வளவு பக்தியை அதற்கு முன் நான் கண்டதில்லை. ஆனாலும் மூன்று பேர் சிக்கினோம். புதன் முதலில் சிக்கியவருக்கு, எனக்கு வெள்ளிக்கிழமை. சாமியாரே திங்கட்கிழமையை எடுத்துக்கொண்டார். அவருக்குப் பக்கவாட்டுக் கதவால் போக வழியில்லை, வீடே அங்கேதான்.

என் காரில் அவர் முன்சீட்டில் ஜெபமாலை சொல்லுவார், புதுப் பாடத்தை ஒப்பிக்கும் பிள்ளையின் உற்சாகத்தோடு. மாலையில் பத்துப் பத்து மணியாக உருட்டி முடிந்ததும் பின்சீட்டிலிருந்து "அடுத்து!" என்று குரல் வரும். ஒரு தடவை அந்த அம்மா என்னிடம் சொன்னார்: "இவருக்குக் கடவுள் கிடைச்சுட்டார். எனக்கு இன்னும் கிட்னி கிடைக்கல. யாருக்கு அதிர்ஷ்டம்னு நீங்களே சொல்லுங்க." நான் சிக்னலைப் பார்த்தேன். பச்சைதான். இருந்தும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வகுப்பு தொடங்கி ஏழாவது மாதம் அந்த அம்மாவுக்கு ரத்தத்தில் கிருமி பரவித் தீவிர சிகிச்சைப் பிரிவில் போட்டார்கள். பல்லுக்காரர் கோயிலுக்கு வருவது நின்றது. பாடகர் குழுவின் தலைவர், "ஒரு அடி விழுந்ததும் பக்தி பறந்துடுச்சு பாத்தீங்களா" என்றார். சொல்லும்போது அவர் மேல் செட் ஆடியது. யாரும் அதைச் சரிசெய்து தருவதாய் இல்லை.

நான் போய்ப் பார்த்தேன். ஜெப அறையில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தார். கையில் ஜெபமாலை இல்லை. மூன்று நாள் தாடி. "இப்ப திட்டக்கூட வரலைங்க" என்றார். எங்கள் வழக்கமான வாக்கியம் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் திரும்பிப் பார்த்தார். விழுங்கிவிட்டேன்.

சற்று நேரத்தில் டீச்சர் வந்தார். கர்த்தர், சோதனை, பொறுமை என்று ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அவர் மடியில் வைத்தார். "சாப்பிடுங்க."

"இறங்க மாட்டேங்குது டீச்சர்."

"நான் உங்களைக் கேக்கல. சாப்பிடுங்கன்னு சொன்னேன்."

சாப்பிட்டார். அவர் கடைசிக் கவளத்தை விழுங்கும்வரை டீச்சர் பக்கத்திலேயே இருந்து, டப்பாவைக் கழுவிக்கொண்டு போனார். அந்த அம்மா உள்ளே இருந்த பதினாலு நாளும் இதே கதைதான் என்று நர்சு சொன்னாள். அதில் நான் போனது இரண்டு நாள். அதையே நாலைந்து பேரிடம் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

பதினைந்தாம் நாள் அந்த அம்மா வார்டுக்கு மாற்றப்பட்டார். கண் விழித்துக் கணவரைப் பார்த்ததும் முதலில் சொன்னது, "ஷேவ் பண்ணிட்டு வாங்க. எனக்குப் பயமா இருக்கு."

ஞானஸ்நானம் ஒரு ஞாயிறு காலைப் பூசையில் நடந்தது. டீச்சர்தான் அவருக்குத் துணை நின்ற ஞானத்தாய். அந்த அம்மா கைத்தடியோடு முதல்முறையாகக் கோயிலுக்கு வந்து, கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "வேடிக்கை பாக்கத்தான் வந்தேன், வேற நினைச்சுக்காதீங்க." அவர் உதடுகள் வெடித்திருந்தன. மடியில் ஒரு சிறிய பாட்டில். அடியில் இரண்டு மடக்குத் தண்ணீர். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் அவர் குடிக்கக் கூடாது என்பது அன்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அத்தனை வெள்ளிக்கிழமை காரோட்டியும் நான் கேட்டதில்லை.

"சாத்தானை விட்டுவிடுகிறீரா?" என்றார் சாமியார்.

"விட்டுட்டேன்" என்றார் பல்லுக்காரர், கோயில் அதிர.

"சிகரெட்டையும் இப்படித்தான் விட்டார்" என்றார் அந்த அம்மா என்னிடம்.

மூன்று முறை தலையில் தண்ணீர் விழுந்தது. சாமியார் கை தாராளம். சட்டைக் காலர்வரை நனைந்துவிட்டது. தோளில் வெள்ளைத் துணியைப் போட்டார்கள். முன்வரிசையில் அவருக்கென்று நாற்காலி போட்டிருந்தது. அவர் அதைப் பார்க்காமல், சொட்டச் சொட்ட நடுவழியே நடந்து கடைசி பெஞ்சுக்கு வந்தார். பாடகர்கள் எந்த இடத்தில் பாட்டைத் தொடங்குவது என்று தெரியாமல் நின்றார்கள்.

"தலையைக்கூடத் தொடைக்கத் தெரியாதா? சளி பிடிச்சா யார் பாக்கறது?" அந்த அம்மா வெள்ளைத் துணியை உருவி அவர் தலையைப் பரபரவென்று துவட்டினார். அவர் குனிந்து நின்றார். துவட்டி முடித்ததும் துணியை வாங்கி, விரலால் தடவிப் பார்த்து, நன்றாக நனைந்திருந்த முனையை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டார். இடது கையால் மனைவியின் முகவாயைப் பிடித்தார்.

"என்னங்க, என்னையும் உங்க ஆளுங்களோட சேத்துட்டீங்களா?"

"பேசாதே. வாயை லேசாத் திற."

அந்த அம்மா திறந்தார். அவர் கீழுதட்டை இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை மெல்ல ஒற்றினார். பிறகு துணியைத் திருப்பி, அடுத்த ஈர முனையைத் தேடினார்.