முதல் பாட்டுக்குப் பிறகு

நாற்பதைத் தாண்டிய வயதில், ஒரு சொல்லும் விளங்காத ஜப்பானியப் பாட்டொன்றைப் பிசகாமல் பாடக்கூடிய ஒரே யாழ்ப்பாணத்தான் நானாகத்தான் இருக்கும்; அதைப் பெருமையென்று சொல்லவும் வழியில்லை, ஏனென்றால் அந்தப் பாட்டை என் அப்பாவின் குரலுக்கு மேலே பதிந்தவன் நான்.

பனங்கட்டி வாசம் ஊறிய அந்த ஒலிநாடா, எங்கள் பேச்சில் 'ரேப்', ஒரு புதன்கிழமை எங்கள் மொன்றியல் வீட்டுக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் போருக்குள் தனியே அகப்பட்டிருந்த அப்பா, அங்கிருந்து வெளிக்கிட்டு வந்த யாரோ ஒருவரின் பையில் கொடுத்தனுப்பியது. மேலே பேனையால் 'பக்திப் பாடல்கள்' என்று எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் பக்திக்குப் பஞ்சமில்லை, அதனால் ஒருவரும் அதைப் போட்டுக் கேட்கவில்லை. வெறும் ரேப்புக்குத்தான் பஞ்சம். மேல்மாடியில் இருந்த ஜப்பானியப் பெடியன் கென்ஜியின் வீட்டில், ஜப்பானிலிருந்து தபாலில் வரும் நாடகமொன்று ஓடும். கதாநாயகி மழையில் நனையும்போதெல்லாம் வெள்ளை உடுப்புப் போட்ட ஐந்து பெடியன்களின் பாட்டு வரும். பன்னிரண்டு வயதில் அது இல்லாமல் என்னால் உயிர்வாழ முடியாது. ரேப் றெக்கோடரைத் தூக்கிக்கொண்டுபோய், தொலைக்காட்சிக்கு முன்னால் மூச்சடக்கி இருந்து பதிந்தேன். சாமி குற்றம் வரக்கூடாதென்று முதலாவதாக இருந்த பிள்ளையார் பாட்டை மட்டும் விட்டுவைத்தேன். இவ்வளவு பயபக்தியோடு யாரும் நாசம் செய்திருக்கமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரொறன்ரோவிலிருந்து மாமா வந்தார். அங்கே வந்து தன்னோடு இருக்கும்படி ஒரு வருடமாய் அம்மாவை நெருக்கிக்கொண்டிருந்தார். அம்மாவோ அப்பாவின் சொல்லுக்குக் காத்திருந்தார்.

"தங்கச்சி, அந்த ரேப்பைப் போடு. முதல் பாட்டு முடிய மச்சான் கதைக்கிறாராம். வழியிலை ஆமிக்காரர் பறிக்காமல் இருக்கத்தான் பக்திப் பாட்டு எண்டு எழுதினவராம். கொண்டந்த ஆள் நேற்றுத்தான் எனக்குச் சொன்னது."

நான் அறைக்குள் நழுவ முன்னமே அம்மா ரேப்பைப் போட்டுவிட்டார். பிள்ளையார் பாட்டு முடிந்தது. அம்மா பெட்டிக்குக் கிட்டக் காதைக் கொண்டுபோனார். ஐந்து ஜப்பான்காரர் பாடத் தொடங்கினார்கள்.

"மச்சான் எப்ப ஜப்பான் படிச்சவர்?" என்றார் மாமா. பாட்டு அறுந்த இடத்தில் அப்பா வந்தார்: "...என்ன நடந்தாலும் அதை மட்டும் செய்யாதையும். சரி, வேறை என்ன, முடிக்கிறன்."

அம்மா அடிக்கவில்லை, அடித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். தொலைபேசி இல்லாத ஊருக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. எதைச் செய்யக்கூடாதென்று தெரியாதவர் எதையும் செய்யாமலிருப்பதே நல்லதென்று, மாமாவைத் தனியே திருப்பி அனுப்பினார். நான் மொன்றியலிலேயே வளர்ந்து, பிரெஞ்சில் படித்து, பிரெஞ்சில் பேச்சு வாங்கி, இன்றைக்கும் இங்கேயே ரொக்ஸ்பரோவில் பனி வழித்துக்கொண்டிருப்பது அப்படித்தான்.

அந்தப் பாட்டு இப்போது கைத்தொலைபேசியில் ஒரு தட்டலில் வருகிறது. அப்பாவின் அந்த நான்கு நிமிடம் எங்கேயும் இல்லை, இப்போது அப்பாவும் இல்லை.

ரேப் வந்து மூன்று வருடம் கழித்து அவர் டோர்வல் விமான நிலையத்தில் வந்திறங்கியபோது, பெட்டியைக் கீழே வைக்க முன்னமே அம்மா கேட்டார்: "ரொறன்ரோவுக்குப் போகாதையும் எண்டுதானே அதிலை சொன்னீங்கள்?"

விமான உணவு கட்டும் வேலைக்காகக் கழுத்தளவோடு கத்தரித்திருந்த அம்மாவின் தலையையே அப்பா பார்த்துக்கொண்டு நின்றார்.

"அங்கை போகச் சொல்லியெல்லோ சொன்னனான். தலைமயிரைத்தான் வெட்டாதையும் எண்டது."