அப்பாவுக்கு மக்கு வேஷம் கொடுத்த டீச்சர்

ஞாயிற்றுக்கிழமை காலை பால் பூத் வரிசையில் நின்றபோதுதான் மீனாட்சி டீச்சர் போய்விட்டார் என்று சொன்னார்கள். மெஷினில் டோக்கனைப் போட்டவன் குழாயடியில் பாத்திரத்தை வைக்க மறந்துபோனேன். பால் தரையில் ஓடியது. டீச்சர் பார்த்திருந்தால், "துக்கத்துலயாவது ஒரு வேலைய ஒழுங்காச் செய்யக் கூடாதா?" என்று கேட்டிருப்பார்.

டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் டீச்சர் எங்களுக்குக் கீழ்வீடு. சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் திருநெல்வேலிக்காரர். இதைப் படிக்கும் உங்களில் பலருடைய பிள்ளைகள் அவரிடம்தான் படிக்கப் பழகினார்கள். என் வீட்டில் அவர் பழக்கியது என்னை.

எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டு தவணையில் தாண்டியவன் நான். அப்போது பள்ளியில் சேரும் வயதிலிருந்த மகள் வசந்தியாவது ஒரே தாவில் தாண்டட்டும் என்று ஆபீஸ் விட்டு வந்ததும் சிலேட்டோடு உட்கார்ந்துவிடுவேன். பலன், முதல் பள்ளிக்கூட இண்டர்வியூவில் அவள் வாயே திறக்கவில்லை. இன்னும் ஒரு பள்ளிதான் பாக்கி. அதுவும் கைவிட்டால் ஒரு வருஷம் வீண்.

என் சத்தம் கேட்டு டீச்சர் மாடியேறி வந்தார்.

"பிள்ளைய ஏன் இப்படி விரட்டுதீய? எல்லாம் உங்களுக்குத் தெரியும்னா அது எதுக்குப் பேசணும்? இனிமே உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அவ சொல்லித்தரட்டும்."

"எனக்கு நடிக்க வருமா, டீச்சர்?"

"இயல்பா இருந்தாலே போதும்" என்றாள் உள்ளேயிருந்து என் மனைவி.

அன்றிலிருந்து சோப்பு உறை, தீப்பெட்டி, பஸ் போர்டு எல்லாவற்றிலும் உள்ள இந்தி எழுத்தைக் காட்டி, "இது என்னம்மா?" என்று கேட்பேன். வசந்தி கீழே ஓடி டீச்சரிடம் தெரிந்துகொண்டு வந்து எனக்குப் பாடம் நடத்துவாள். ஒருநாள் பஸ்ஸில், "நேத்துதானே சொன்னேன், அதுக்குள்ள மறந்துட்டியா?" என்று அவள் கத்த, கண்டக்டர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"மானம் போகுது, டீச்சர்."

"போகட்டும். பிள்ளை முன்னால போற மானம் எங்கயும் போயிராது."

இரண்டாவது இண்டர்வியூவும் வந்தது. தலைமையாசிரியை ஒரு இந்திப் புத்தகத்தை நீட்டினார். வசந்தி அதைத் தொடவே இல்லை. பழக்க தோஷத்தில் குனிந்து, "இது என்னம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஐயோ அப்பா, உனக்கு எத்தனை தடவை சொல்றது!" என்று புத்தகத்தைப் பிடுங்கினாள். விரல் வைத்துப் பக்கம் முழுவதையும் கணீரென்று படித்தாள். என்னையும் திருப்பிச் சொல்லவைத்தாள். சொன்னேன்.

சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்த அந்த அம்மாள் கூட வந்திருந்த என் மனைவியிடம், "பெண்ணை நாங்கள் சேர்த்துக்கொள்கிறோம். இவரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

குவார்ட்டர்ஸுக்கு ஓடி வந்தேன். டீச்சர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"என்ன, பாஸா?"

"வசந்தி பாஸ், டீச்சர்!"

"அவளுக்கு என்ன? நான் உங்களையில்லா கேட்டேன்!"

பிள்ளைகள் எதிரில் "தெரியவில்லையே, சொல்லேன்" என்று கேட்க எனக்குக் கூச்சமில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். வசந்தி இப்போது ஒன்பதாம் வகுப்பு. நேற்று அல்ஜீப்ராவோடு வந்து உட்கார்ந்தாள். "இது என்னம்மா?" என்று கேட்டேன். முழுக் கணக்கையும் போட்டு விளக்கினாள். நடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை, டீச்சர்.