நன்றியுரை மட்டும் என்னுடையது

லத்தீன் படித்தவள் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் முதலில் சிரிப்பார்கள். "அது என்னாங்க டீச்சர், மருந்துப் பேரா?" என்று நோர்வூட் பஸ்ஸில் ஒருவர் கேட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, பல்கலைக்கழகத்தில் யாரும் சீண்டாத அந்த மொழியை எடுத்துப் படித்து, கடைசியில் கொட்டகலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக நின்றவள் நான். லத்தீனுக்கென்று ஒரு வேலை இந்த மலையில் கிடையாது. ஆனாலும் நான் அதை விடவில்லை.

பல்கலைக்கழகத்து லத்தீன் வகுப்பில் தமிழ் பேசியவர்கள் இரண்டே பேர். மற்றவள் நுவரெலியா பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். ஒரே தட்டில் சாப்பிட்டோம், ஒரே அகராதியைப் பங்குபோட்டோம். பிறகு அவள் கொழும்பில் விரிவுரையாளர் ஆகிவிட்டாள். எனக்குப் பொறாமை இல்லை, சத்தியமாக.

பழைய லத்தீன் உழவுப் பாட்டுகளைத் தமிழாக்கும் வேலையை நான்தான் ஆரம்பித்தேன். எனக்குக் கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்க வராது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போனில் சொல்லச் சொல்ல அவள் அடிப்பாள். முதலில் லத்தீன் வரியைச் சத்தமாக வாசிப்பேன், அப்புறம் தமிழ். திராட்சைத் தோட்டத்தில் அடிமைகளை விரட்டி வேலை வாங்குகிறவனை எப்படிச் சொல்வது என்று மண்டையை உடைத்துக்கொண்டு, ஒரு நாள் 'கங்காணி' என்றேன். "அடியே, இதுதான்டி!" என்று அவள் கத்திய கத்தலில் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். இப்படியே வருடங்கள் போயின.

ஒரே ஒரு வரியை மட்டும் நானாகச் சேர்த்தேன். எங்கள் தோட்டத்தில் புது மலையில் கொழுந்தெடுக்கத் தொடங்கும்போது, கைராசிக்காரி ஒருத்தி முதல் பிடியைக் கூடையில் போட்டு, விளைச்சல் பெருகட்டும் என்று "பொலியோ பொலி" என்பாள். மற்றப் பெண்கள் "பொலி" என்பார்கள். எங்கள் டிவிஷனில் அந்தக் கைராசிக்காரி என் அம்மா. லத்தீனில் ஆட்கள் திராட்சை பறிக்கத் தொடங்கினார்கள் என்று மட்டும்தான் இருந்தது. என் கை கேட்கவில்லை, அந்த இடத்தில் 'பொலியோ பொலி' போட்டேன்.

"இது மூலத்துல இல்லடி. எங்கம்மாவுக்காகப் போட்டது. அடிக்குறிப்புல அம்மா பேரப் போட்டுரணும்."

"அதெல்லாம் போட்டுரலாம்டி. அவங்க எனக்கும் அம்மாதானே."

புத்தகம் வருகிறது என்று அவள் போன் செய்தபோது 'நம்ம புத்தகம்' என்றுதான் சொன்னாள். ஹட்டனில் ஒரு மண்டபம், நன்றியுரை நான். அம்மாவுக்குப் புதுச் சேலை வாங்கிக் கட்டிவிட்டு, முன் வரிசையில் உட்காரவைத்தேன். மேடையில் என்னையே கூப்பிட்டு அவளுக்குப் பொன்னாடை போர்த்தச் சொன்னார்கள். சந்தோஷமாகப் போர்த்தினேன். அதற்குப் பிறகுதான் புத்தகத்தைக் கையில் தந்தார்கள்.

அட்டையில் அவள் பெயர் மட்டும் இருந்தது. அவசர அவசரமாகப் புரட்டினேன். உள்ளே, 'தட்டச்சில் உதவிய பள்ளி ஆசிரியை' என்று என் பெயர். தட்டச்சில்! அடிக்குறிப்பே இல்லை. அடிப்பாவி, என்று வாய்வரை வந்துவிட்டது.

அவள் எழுந்து திராட்சை பறிக்கும் பகுதியை வாசித்தாள். 'பொலியோ பொலி' என்றதும் மண்டபத்தில் இருந்த தோட்டத்துப் பெண்கள் தம்மை அறியாமல் "பொலி" என்றார்கள். அம்மாவின் குரல் தனியாகக் கேட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கம்மா மலையில சொன்ன வார்த்தைங்க இது" என்றாள். ஜவுளிக்கடைக் கல்லாவை விட்டு இறங்காத அவள் அம்மா!

என் முறை வந்தது. மைக்கைப் பிடித்தேன். தலைவருக்கு நன்றி, மண்டபக்காரருக்கு நன்றி என்று ஒப்பித்துவிட்டு, "கடைசியா, பொலி சொன்ன அம்மாவுக்கு நன்றி. அவங்க இங்கதான் இருக்காங்க. எந்திரிங்கம்மா" என்றேன். அம்மா எழுந்து கும்பிட்டார். நான் அடுத்த வார்த்தையைச் சொல்வதற்குள் அவள் மேடையிலிருந்து ஓடிப்போய், "அம்மா!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள். மண்டபமே கைதட்டியது. படம் எடுத்தார்கள். பொன்னாடையைக் கழற்றி அம்மா தோளில் போட்டாள், அதையும் எடுத்தார்கள். சொல்ல வந்ததை விட்டுவிட்டு, மைக்கை அதன் இடத்தில் வைத்துவிட்டு இறங்கினேன்.

அடுத்த ஞாயிறு பேப்பரில் படம் வந்தது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. படத்தை மட்டும் பார்த்து, "நல்லாத்தான் விழுந்திருக்கேன்" என்று சிரித்தார். பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்து, என்னிடம் நீட்டினார்.

"கீழ என்னா போட்டிருக்கு? வாசி."

வேறு எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் இருப்பதை இருக்கிறபடி வாசிப்பதுதான் இத்தனை வருடமும் என் வேலை.

"நூலாசிரியர் தமது தாயாருடன்."

அம்மா பேப்பரை வாங்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, படத்தின் ஓரங்களையெல்லாம் தேடினார்.

"அப்ப நீ எங்கடி?" என்றார்.